குலைந்த அடுக்கும் குலையாத எண்ணும்

சாமராஜநகர் வட்டாரத்துக் கறுங்கல் கடல் கடந்தும் பெயர் பெற்றது. வாணிகர் அதனைக் கறுப்பு கிரானைட் என்பர். நிலவியல் பயின்றோர், அது கிரானைட் அன்று, டோலரைட் என்று திருத்துவர். பூமியின் பிளவுகளில் ஏறிய எரிகுழம்பு அங்கேயே சுவர்போல நின்று மெல்லக் குளிர்ந்து இறுகிய கல் அது. பிளேஜியோகிளேஸ், பைராக்சீன் ஆகிய கனிமங்களின் சிறு படிகங்கள் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு நிற்பதால் அதற்கு அத்துணை உறுதி. மெருகிட்டால் முகம் காட்டும். ஆனால் வெட்டியெடுத்த பாளத்தின் குறுக்கே ஒரு கோடு ஓடினாலோ, ஒரு கறை தெரிந்தாலோ, விலை இறங்கிவிடும்.

திடப்பொருள் பௌதிகம் பயிலும் மாணவருக்கும் இதே மனப்பான்மைதான் ஊட்டப்படுகிறது. வகுப்பறைப் படிகத்தில் கோடும் இல்லை, கறையும் இல்லை. அணுக்கள் அணிவகுப்பில் நிற்கும் படைவீரரைப்போல் வரிசை பிறழாமல் நிற்கின்றன. 1928இல் பெலிக்ஸ் பிளாக் என்பார் இவ்வரிசையை வைத்தே எலெக்ட்ரானின் அலை படிகத்துள் எவ்வாறு தடையின்றிச் செல்கிறது என்பதைக் காட்டினார். ஆற்றல் பட்டைகள், அவற்றிடையே இடைவெளிகள், கடத்திகள், கடத்தாப் பொருள்கள் என நாம் படிப்பன எல்லாம் அந்த அடித்தளத்தின்மேல் எழுந்தவை. ஆயினும் அப்படியொரு மாசற்ற படிகத்தை எவரும் கையில் ஏந்தியதில்லை. அணுவொன்று இருக்க வேண்டிய இடத்தில் காலியிடம் இருக்கும். வேற்று அணுவொன்று புகுந்திருக்கும். வரிசையொன்று பாதி வழியில் அறுந்திருக்கும். சில பொருள்களில் வரிசை என்பதே இராது.

அடுக்கு குலைந்தால், அடுக்கை நம்பி எழுந்த கொள்கை என்னாகும்? சென்ற நாற்பது ஆண்டுகளில் பௌதிகத்தை ஆட்கொண்ட 'இடவியல் நிலைகள்' என்னும் துறைக்கு இக்கேள்வி உயிர்நாடியானது. ஆய்வுக்கூடத்தில் உண்மையில் கிடைக்கும் பொருளில் அந்நிலைகள் பிழைக்குமா, காகிதத்திலேயே நின்றுவிடுமா என்பது இதைப் பொறுத்திருக்கிறது. சமன்பாடு ஒன்றும் எழுதப் போவதில்லை. கலைப் பிரிவு நண்பர்களும் அஞ்சாமல் உடன் வரலாம்.

குலைவு செய்யும் தீங்கை முதலில் காண்போம். எலெக்ட்ரான் ஓர் அலை. குலைந்த அடுக்கில் அது பல இடங்களில் மோதிச் சிதறுகிறது. ஒரு வழியாகச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பும் அலையும், அதே வழியை எதிர்த்திசையில் சுற்றித் திரும்பும் அலையும் ஒரே நீளம் நடந்தவை; ஆதலால் அவை ஒன்றையொன்று வலுப்படுத்துகின்றன. புறப்பட்ட இடத்திலேயே எலெக்ட்ரான் இருப்பதற்கான வாய்ப்பு மிகுகிறது. குலைவு மிகுந்தால் அலை ஓரிடத்தே கட்டுண்டு, மின்னோட்டம் நின்றுபோகும். இதை 1958இல் கண்டு சொன்னவர் பிலிப் ஆண்டர்சன். 1979இல் அவரும் ஆப்ரகாம்ஸ், லிச்சியார்டெல்லோ, ராமகிருஷ்ணன் ஆகியோரும் சேர்ந்து மேலும் கடுமையான ஒரு முடிவுக்கு வந்தனர். முப்பரிமாணப் பொருளில் ஓரளவு குலைவைத் தாங்கிக்கொண்டு எலெக்ட்ரான் ஓட முடியும். ஆனால் தட்டையான இருபரிமாணப் பரப்பில், எத்துணைச் சிறிய குலைவாயினும், பரப்புப் போதிய அளவு பெரிதானால் ஓட்டம் கட்டுண்டே தீரும் என்பது அது. நால்வருள் ஒருவரான டி. வி. ராமகிருஷ்ணன் 1941இல் சென்னையில் பிறந்தவர். பின்னர்ப் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் பணிபுரிந்தவர். நாம் பெருமையுடன் நினைக்க வேண்டிய பெயர் இது.

இம்முடிவுக்குச் சில நிபந்தனைகள் உண்டு. காந்தப் புலம் இருத்தலாகாது. எலெக்ட்ரானின் தற்சுழற்சிக்கும் அதன் ஓட்டத்துக்கும் பிணைப்பு இருத்தலாகாது. எலெக்ட்ரான்கள் ஒன்றையொன்று விலக்குவதும் கணக்கில் சேராது. இந்நிபந்தனைகளை மனத்தில் இருத்திக் கொள்க. இனி வரும் கதையெல்லாம் இவற்றை மீறியதால் விளைந்தது.

மறு ஆண்டே, 1980இல், கிளவுஸ் வான் கிளிட்சிங் பிரான்சு நாட்டின் கிரனோபிள் நகரில் சிலிக்கான் கருவியொன்றைக் கடுங்குளிரில் வைத்து, வலிய காந்தப் புலத்தில் அதன் ஹால் மின்தடையை அளந்தார். தடை வழுவழுவென ஏறாமல் படிபடியாக நின்றது. படிகளின் உயரம் 25812.807 ஓம் என்னும் அளவை 1, 2, 3 என முழு எண்களால் வகுத்தால் வருவது. கருவியின் நீளம், அகலம், மாசு எதுவும் இந்த எண்ணைத் தொடவில்லை. உலகெங்கும் மின்தடை அளவைக்கு 1990 முதல் இதுவே நிலைக்களம்.

மாசு இந்த எண்ணைக் கெடுக்கவில்லை என்று பாடநூல்கள் எழுதுகின்றன. அது பாதி உண்மை. படிகள் தோன்றுவதற்கே மாசு துணை நிற்கிறது. மாசு சிறிதுமில்லாத எல்லையற்ற பரப்பில் ஹால் தடை காந்தப் புலத்துக்கு நேர்விகிதத்தில் ஏறிக்கொண்டே போகும். படி என்பதே இராது. மாசுள்ள பரப்பிலோ பெரும்பாலான எலெக்ட்ரான் நிலைகள் மேட்டிலும் பள்ளத்திலும் கட்டுண்டு கிடக்கின்றன. காந்தப் புலத்தை மாற்றும்போது இந்தக் கட்டுண்ட நிலைகளே நிரம்புகின்றன அல்லது காலியாகின்றன. அவை மின்னோட்டத்தில் பங்கு கொள்வதில்லை. ஆகவே அளவு அசையாமல் நிற்கிறது. அதுவே படியின் அகலம். ஆண்டர்சன் சொன்ன அதே தீங்குதான் இங்கே நன்மையாய் வந்து வாய்த்தது. தேர்வுத்தாளில் இவ்வினா வந்தால் பாதியோடு நிறுத்திவிட வேண்டா.

அந்த முழு எண் எங்கிருந்து வருகிறது? 1982இல் தவ்லசும் அவருடைய மூன்று தோழர்களும் விடை கண்டனர்: அது இடவியல் எண். டோபாலஜி என்னும் கணிதப் பிரிவையே தமிழில் இடவியல் என்கிறோம். இழுத்தாலும் நெளித்தாலும் மாறாத இயல்புகளை ஆராய்வது அதன் வேலை. கோயில் மண்டபத் தூணொன்றை எண்ணிக்கொள்ளுங்கள். ஒரு கயிற்றை அதைச் சுற்றி மூன்று சுற்றுச் சுற்றி, இரு முனைகளையும் சேர்த்து முடிந்துவிடுகிறோம். கயிற்றைத் தளர்த்தலாம், மேலும் கீழும் தள்ளலாம், ஒரு பக்கம் இழுக்கலாம், சுற்று மூன்றுதான். இரண்டரைச் சுற்று என்று ஒன்று இல்லை. எண்ணை மாற்ற இரண்டே வழி: கயிற்றை அறுக்க வேண்டும், அல்லது தூணின் உச்சிக்கு மேலாகத் தூக்கியெடுக்க வேண்டும். எலெக்ட்ரான்களின் அலைகளும் இவ்வாறே சுற்றிக்கொண்டு நிற்கின்றன. பட்டைகளுக்கு இடையேயுள்ள ஆற்றல் இடைவெளிதான் தூணின் உயரம். சிறு குலைவு கயிற்றை ஆட்டும். தூணைத் தாண்டச் செய்யாது.

அலை சுற்றுகிறது என்றேன். எது சுற்றுகிறது என்று கேட்பவருக்கு விடை சொல்ல மைசூருக்குப் போக வேண்டும். 1934இல் கல்கத்தாவில் பிறந்த சிவராமகிருஷ்ணன் பஞ்சரத்தினம், சர் சி. வி. ராமனின் சகோதரி மகன். 1956இல் பெங்களூர் ராமன் ஆராய்ச்சிக் கழகத்தில் இருந்துகொண்டு, ஒளியின் முனைவாக்கத்தைப் பல நிலைகளின் வழியே நடத்தித் தொடக்க நிலைக்கே கொண்டுவந்தால் என்னாகும் என்று ஆராய்ந்தார். நிலை பழையதே, ஆனால் அலையின் கட்டம் மாறியிருந்தது. மாற்றத்தின் அளவு, நடந்த பாதை ஒரு கோளத்தின்மேல் வளைத்த பரப்பின் திண்கோணத்தில் பாதி. 1961க்கும் 1964க்கும் இடையே அவர் மைசூர்ப் பல்கலைக்கழகப் பௌதிகத் துறையில் பணியாற்றினார். 1969இல், தம் 35ஆம் வயதில், ஆக்ஸ்போர்டில் மறைந்தார். 1984இல் மைக்கேல் பெரி இக்கருத்தைக் குவாண்டம் இயக்கவியல் முழுமைக்கும் பொதுவாக்கியபின்தான், 1986இல் ராமசேஷனும் நித்தியானந்தாவும் பழைய கட்டுரையை எடுத்துக் காட்டினர். ஒரு பட்டை முழுவதிலும் இக்கட்டத்தைக் கூட்டிப் பார்த்தால் வரும் சுற்று எண்ணே தவ்லசின் முழு எண். நம் அண்டை நகரத்தில் கற்பித்த ஒருவரின் சிந்தனை இத்துறைக்கு வேராக இருப்பதை இங்குள்ள மாணவரிற் பலர் அறியார்.

எண் உள்ளே மாறாது நிற்பின், விளிம்பில் அதன் விளைவு தெரியும். சத்தியமங்கலத்திலிருந்து திம்பம் மலைப்பாதை ஏறி இங்கு வருவோர் நன்கறிவர்: வழியில் மரம் விழுந்தால் வண்டிகள் திரும்பிப் போகும். இருபுறமும் போக்குவரத்துள்ள பாதையானால்தான் திரும்ப முடியும். குவாண்டம் ஹால் பொருளின் விளிம்புப் பாதையில் ஒரு திசைக்கு மட்டுமே வழியுண்டு. திரும்பும் வழி படைக்கப்படவே இல்லை. மாசு எதிர்ப்பட்டால் எலெக்ட்ரான் அதனைச் சுற்றிக்கொண்டு முன்னேதான் போயாக வேண்டும்.

2005இல் கேன், மெலெ ஆகிய இருவரும் காந்தப் புலமில்லாமலே இவ்வகை நிலை அமையலாம் எனக் காட்டினர். தற்சுழற்சிப் பிணைப்பு காந்தத்தின் வேலையைச் செய்கிறது. விளிம்பில் இரு பாதைகள் இருக்கும். ஒன்றில் ஒரு தற்சுழற்சி முன்னோக்கியும், மற்றதில் எதிர்த் தற்சுழற்சி பின்னோக்கியும் ஓடும். 2007இல் ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க்கில் பாதரச டெல்லுரைடின் மெல்லிய அடுக்கில் இதை அளந்தும் விட்டனர். அடுக்கின் தடிப்பு 6.3 நானோமீட்டரைத் தாண்டினால் நிலை இடவியல் நிலையாகிறது. 2009இல் பிஸ்மத் செலினைடு என்னும் முப்பரிமாணப் பொருள் வந்தது; உட்புறம் கடத்தாது, மேற்பரப்பு கடத்தும்; இடைவெளி சுமார் 0.3 எலெக்ட்ரான் வோல்ட்.

'பாதுகாக்கப்பட்ட நிலை' என்னும் சொற்றொடர் அதன்பின் பத்திரிகைகளில் மிக மலிந்துவிட்டது. மாசு எதுவும் ஒன்றும் செய்யாது என்று எண்ணுமளவுக்கு அதைப் பரப்பினர். இதில் எனக்கு உடன்பாடில்லை. இந்தப் பொருள்களில் பாதுகாப்பைத் தருவது காலத் திருப்பச் சமச்சீர். காந்தத் தன்மையில்லாத மாசு அச்சமச்சீரைக் கெடுக்காது. இரும்பு, மாங்கனீசு போன்ற காந்த அணு புகுந்தால் எலெக்ட்ரானின் தற்சுழற்சி புரட்டப்படும். அது எதிர்ப்பாதையில் திரும்பிவிடும். பாதரச டெல்லுரைடு விளிம்பும் ஒரு மைக்ரோமீட்டர் அளவுள்ள சிறு கருவிகளில்தான் எதிர்பார்த்த எண்ணையொட்டி நின்றது; நீண்ட கருவிகளில் தடை மிகுந்தது. பிஸ்மத் செலினைடின் கதை இன்னும் சுவையானது. அதில் செலினியம் அணுக்கள் எளிதில் விடுபட்டுப்போகும். ஒவ்வொரு காலியிடமும் எலெக்ட்ரான்களை உட்புறத்துக்கு வழங்கிவிடுவதால், கடத்தக் கூடாத உட்புறமே கடத்தத் தொடங்கிவிடுகிறது. மேற்பரப்பு நிலை அழியவில்லை. உட்புறத்து இரைச்சலில் அதன் குரல் கேட்பதில்லை. டெல்லூரியத்தைக் கலந்து பிஸ்மத் டெல்லூரியம் செலினைடு செய்து இந்த இரைச்சலை ஓரளவு அடக்கினர். ஆதலால் எண்ணைக் குலைக்கும் குலைவு வேறு, எண்ணை நாம் காணவொட்டாமல் மறைக்கும் குலைவு வேறு. ஆய்வுக்கூடத்தில் பெரும்பாலும் தொல்லை தருவது இரண்டாவதே.

குலைவை மேலும் மேலும் மிகுத்தால் எண் ஒரு நாள் அழியத்தானே வேண்டும்? அழியும், ஆனால் அழியும் முறை கவனிக்கத்தக்கது. ஆற்றல் இடைவெளி முதலில் புதிய நிலைகளால் நிரம்பத் தொடங்கும். இடைவெளி போயிற்று, தூண் சாய்ந்தது என்று அவசரப்படலாகாது. நிரம்பியவை கட்டுண்ட நிலைகளாக இருக்குமட்டும் எண் நிற்கும்; குவாண்டம் ஹால் படிகளில் நாம் கண்டது இதுவே. பொருள் முழுவதும் பரவி நிற்கும் சில நிலைகள் மேலும் கீழும் எஞ்சியிருக்கும். சுற்று எண்ணைச் சுமப்பவை அவைதாம். குலைவு மிக மிக அவை ஒன்றையொன்று நெருங்கி, ஒரு கட்டத்தில் சந்தித்து, கூட்டலும் கழித்தலுமாய் அழிந்தொழியும். அப்போதுதான் எண் 0 ஆகிறது.

2009இல் ஒரு புதிர் முளைத்தது. லீ, சூ, ஜெயின், ஷென் ஆகிய நால்வர் பாதரச டெல்லுரைடு மாதிரியில் கணக்கிட்டுப் பார்த்தபோது, இடவியல் எண் இல்லாத சாதாரணப் பொருள், குலைவைச் சேர்த்ததும் இடவியல் பொருளாக மாறியது! மிகுதியாகச் சேர்த்தால் அது மீண்டும் கெட்டது. இடைப்பட்ட அளவில் மட்டும் அழகாக நின்றது. இதற்கு இடவியல் ஆண்டர்சன் கடத்தாப்பொருள் என்று பெயரிட்டனர். அவ்வாண்டிலேயே கிரோத், பேனக்கர் முதலியோர் காரணம் கூறினர். மேல்பட்டை, கீழ்ப்பட்டை இரண்டின் வரிசை நேராயிருந்தால் சாதாரணப் பொருள். தலைகீழானால் இடவியல் பொருள். இவ்வரிசையை முடிவுசெய்யும் அளவு ஒன்றுண்டு. எலெக்ட்ரான் மாசுகளில் மோதி மோதி ஓடும்போது, சராசரியில் அவ்வளவு சிறிது நகர்ந்துவிடுகிறது. நேர்க்குறியில் எல்லையருகே நின்றது எதிர்க்குறிக்குப் போய்விட்டால் பட்டைகள் தலைகீழாகிவிடும். குலைவு புதியதாக எதையும் படைக்கவில்லை. வாசற்படியில் நின்றவனை உள்ளே தள்ளிவிட்டது. 2018இல் இல்லினாயில் குளிர்ந்த அணுக்களைக் கொண்டும், ஜெர்மனியின் ராஸ்டாக்கில் கண்ணாடிக்குள் வரைந்த ஒளிப்பாதைகளைக் கொண்டும் இதனை மெய்ப்பித்தனர்.

கல்வெட்டுவோர் வெறுக்கும் கோட்டுக்கும் இங்கே ஒரு மதிப்புண்டு. படிகத்தில் ஓர் அணுவரிசை நடுவே பிசகி, அப்பிசகு ஒரு கோடாக உள்ளே ஓடுவதுண்டு. சிலவகை இடவியல் பொருள்களில் இக்கோட்டின் வழியே எலெக்ட்ரான் திரும்பாமல் ஓடும் ஒரு பாதை அமையும் என்று 2009இல் ரான், ஜாங், அஷ்வின் விசுவநாத் ஆகிய மூவர் காட்டினர். எல்லாப் பிசகிலும் அன்று. பிசகின் திசையும் படிகத்தின் இடவியல் எண்களும் பொருந்தினால்தான். பொருந்திவிட்டால், படிகத்தின் குறையே அதனுள் ஒரு கம்பியாகிவிடுகிறது.

இனிக் கடைசிக் கேள்வி. குலைந்த அடுக்கு என்று இதுவரை பேசினோம், அடுக்கே இல்லையென்றால்? டோலரைட்டாக இறுகிய அதே எரிகுழம்பு சட்டென்று குளிர்ந்திருந்தால் கண்ணாடியாகியிருக்கும். கண்ணாடியில் அணுக்களுக்கு அண்டை அயலார் உண்டு, நெடுந்தூர வரிசை இல்லை. பிளாக்கின் கொள்கை இங்கே கால் வைக்க முடியாது. பட்டை வரையக் கோடில்லை, கூட்டிப் பார்க்கப் பரப்பில்லை. அத்தகைய பொருளில் இடவியல் எண் என்னும் பேச்சுக்கே பொருளுண்டா என்று ஐயுற இடமுண்டு.

விடை நம் மாநிலத் தலைநகரிலிருந்தே வந்தது. 2017இல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் அதிப் அகர்வாலா, விஜய் ஷெனாய் இருவரும், புள்ளிகளைத் தாறுமாறாக இறைத்து, குறிப்பிட்ட தூரத்துக்குள் உள்ள புள்ளிகளுக்கிடையே எலெக்ட்ரான் தாவலாம் என்று மட்டும் விதித்து, ஒரு மாதிரி அமைத்தனர். கோலத்துக்கு இட்ட புள்ளிகளைக் காற்று கலைத்துவிட்டதுபோல் இருக்கும் அந்தப் படம். அங்கும் இடவியல் நிலை தோன்றியது. பட்டைகளை நாடாமல், புள்ளிகளின் இருப்பிடங்களிலிருந்தே கணக்கிடக்கூடிய பாட் எண் என்பதைக் கொண்டு அதனைச் சோதித்தனர். எண் முழு எண்ணாக நின்றது. விளிம்புள்ள மாதிரியில் மின்கடத்தல் துல்லியமான படி அளவில் வந்தது. எலெக்ட்ரான் பக்கத்துப் புள்ளிக்கு எத்திசையில், எவ்வகையில் தாவுகிறது என்பதே போதும். ஆயிரமாவது புள்ளி எங்கே நிற்கிறது என்று அது கேட்பதில்லை.

2018இல் சிக்காகோவில், ஒழுங்கின்றித் தொங்கவிட்ட சுழல்பம்பரங்களைக் கொண்டு, விளிம்பில் ஒரு திசையில் மட்டும் அதிர்வு ஓடுவதைக் கண்ணாரக் கண்டனர். 2023இல் கலிபோர்னியாவில், படிக உருவற்ற பிஸ்மத் செலினைடு மென்படலத்தின் மேற்பரப்பில், தற்சுழற்சியும் ஓட்டத் திசையும் பிணைந்த எலெக்ட்ரான் நிலைகளைக் கண்டதாக வெளியிட்டனர். மாசற்ற ஒற்றைப் படிகம் வளர்ப்பது செலவும் பொறுமையும் வேண்டும் வேலை. உருவற்ற படலத்தைப் படிய வைப்பது அதனினும் எளிது. சிறிய ஆய்வுக்கூடங்களுக்கு இதில் நம்பிக்கை இருக்கிறது. ஆனால் கண்ணாடியாடித் தழுவல்போன்ற படிகச் சமச்சீர்களையே நம்பி நிற்கும் வெள்ளீய டெல்லுரைடு வகைப் பொருள்களுக்கு இவ்வாறுதி கிடையாது; அடுக்குக் குலைந்தால் காவலே குலைகிறது. அங்கே சராசரியில் எஞ்சும் சமச்சீர் எவ்வளவு காக்கும் என்பது தனி ஆராய்ச்சி.

ஆர்வமுள்ள நண்பர்கள் இதைத் தாமே செய்து பார்க்கலாம். சதுரப் பரப்பில் 400 புள்ளிகளைக் கணிப்பொறியைக் கொண்டு தாறுமாறாக இறையுங்கள். புள்ளிக்கு இரண்டு நிலைகள். ஆக 800க்கு 800 அணி. சாதாரண மடிக்கணினி அதைச் சில நொடிகளில் தீர்த்துவிடும். பாதி நிலைகளை நிரப்பிப் பாட் எண்ணைக் கணக்கிடுங்கள். புள்ளிகள் அருகலாக, ஒன்றையொன்று எட்டாத தொலைவில் இருக்கும்போது விடை 0. தாவல் விதியும் நிலைகளின் ஆற்றலும் பொருத்தமாக அமைந்தால், புள்ளிகளை நெருக்கிக்கொண்டே வருகையில் ஓரிடத்தில் ஆற்றல் இடைவெளி சுருங்கி மூடும். மறுபடி திறக்கும்போது விடை 1 அல்லது கழித்தல் 1 என்றிருக்கும். ஒரே அடர்த்தியில் பத்துமுறை புதிதாக இறைத்துப் பாருங்கள்: படம் ஒவ்வொரு முறையும் வேறாக வரும், மாறுமிடத்துக்கு அப்பால் எண் அதேதான்.